எலியின் முதுகில் பொடுகு மாதிரி செதில்: புற்றுநோய் ஆய்வையே கவிழ்க்கும் பாக்டீரியாவை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

ஒரு கூண்டில் ஐந்து சுண்டெலிகள். உடம்பில் முடியே கிடையாது. சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல் மட்டும்தான். ஒவ்வொன்றின் விலாவிலும் தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. அது எலியின் கட்டி இல்லை. ஒரு மனிதரின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப்படுவது. பாதி எலிகளுக்குப் புது மருந்து, மீதிப் பாதிக்கு வெறும் உப்புக் கரைசல். வாரத்துக்கு இரண்டு தடவை கட்டியை அளக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள்.

மூன்றாவது வாரம். காலையில் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டே வரும் பராமரிப்பாளர் ஒரு இடத்தில் நிற்கிறார். ஓர் எலியின் முதுகில் பொடுகு உதிர்ந்த மாதிரி வெள்ளைச் செதில்கள்.

மனிதர்களுக்குப் பொடுகு வந்தால் ஷாம்பூவை மாற்றிவிட்டுப் போய்விடுவோம். இங்கே அப்படி இல்லை. அந்தச் செதிலைப் பார்த்ததும் போன்கள் பறக்கும். கால்நடை மருத்துவர் வருவார், மாதிரி எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவார், அறையின் கதவில் எச்சரிக்கை ஒட்டப்படும். இந்தக் காட்சியைப் பல நாடுகளின் புற்றுநோய் ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. காரணம் பெரும்பாலும் ஒரே பாக்டீரியா: கோரினிபாக்டீரியம் போவிஸ். சுருக்கமாக போவிஸ்.

நோய் எதிர்ப்பு சக்தியே இல்லாத ஓர் உயிருக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது? 'ஆன்டிபயாடிக் கொடுத்தா சரியாயிடும்' என்றுதான் யாருக்கும் தோன்றும். சரியாகிற மாதிரி தெரியும், ஆனால் சரியாகாது. சிக்கலே அங்கேதான்.

முதலில், இப்படி ஒரு எலி எதற்கு?

1962-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள ரூக்கில் மருத்துவமனையின் ஆய்வகத்தில், தற்செயலாக முடியில்லாத சில சுண்டெலிகள் பிறந்தன. 1966-ல் ஃப்ளானகன் என்ற ஆய்வாளர் இது மரபணு மாற்றத்தால் வருவது என்று விவரித்து, அந்த மரபணுவுக்கு 'நியூட்' என்று பெயர் வைத்தார். முடி இல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த எலிகளுக்கு தைமஸ் சுரப்பியும் இல்லை என்பதை 1968-ல் பான்டெலோரிஸ் என்பவர் கண்டுபிடித்தார். அதுதான் பெரிய விஷயம்.

தைமஸ் என்பது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் சின்ன சுரப்பி. 'இது நம்ம உடம்பு, இது வெளியாள்' என்று அடையாளம் பார்க்கும் டி செல்கள் பயிற்சி எடுக்கும் இடம் அது. பள்ளிக்கூடமே இல்லையென்றால் படித்த ஆட்களும் இல்லை. அதனால் இந்த எலியின் உடம்பு வெளியாளை விரட்டுவதில்லை. 1969-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ரீகார்ட், போவ்ல்சென் என்ற இருவர் மனிதரின் பெருங்குடல் புற்றுநோய்த் திசுவை நியூட் எலிக்குள் வைத்தார்கள். அது வளர்ந்தது. மனிதப் புற்றுநோயை ஓர் எலிக்குள் வளர்த்து, அதன் மேல் மருந்தைச் சோதிக்கலாம் என்ற வழி அப்படித்தான் திறந்தது.

அதன் பிறகு பலவீனம் கூடிக்கொண்டே போனது. 1983-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டி செல், பி செல் இரண்டுமே இல்லாத 'ஸ்கிட்' எலியைக் கண்டுபிடித்தார்கள். 2000-க்குப் பிறகு, இயற்கைக் கொல்லி செல்களும் இல்லாத 'என்ஓஜி', 'என்எஸ்ஜி' எலிகளை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவாக்கினார்கள். எதிர்ப்பு சக்தி எவ்வளவு குறைகிறதோ, மனிதத் திசு அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆய்வாளருக்கு அது வசதி. பாக்டீரியாவுக்கும் அதே வசதிதான்.

செதிலுக்குப் பின்னால் இருப்பது யார்?

பெயரில் உள்ள 'போவிஸ்' மாட்டைக் குறிக்கும் சொல். பசுவின் மடியில் சாதாரணமாகக் காணப்படும் பாக்டீரியா இது. நியூட் எலிகளின் தோல் தடிப்புக்கு இந்த வகை பாக்டீரியாதான் காரணம் என்று 1995-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதற்கு முன்பே எலி அறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'செதில் நோய்' பழக்கமானதுதான். காரணம்தான் பிடிபடாமல் இருந்தது.

போவிஸ் தோலின் மேலடுக்கில் குடியேறுகிறது. ஒரு வாரம், பத்து நாளில் தோல் தடித்து, வெள்ளை அல்லது மஞ்சள் கலந்த செதில்கள் முதுகிலும் விலாவிலும் தெரிய ஆரம்பிக்கும். எலி சரியாகச் சாப்பிடாது, எடை குறையும், உடம்பில் நீர் வற்றும். பால் குடிக்கும் குட்டிகள் செத்தும் போகலாம். வளர்ந்த எலிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சில நாள்களில் செதில் உதிர்ந்து, தோல் பழையபடி ஆகிவிடும்.

ஆளைக் கவிழ்ப்பது இந்தக் கட்டம்தான். பார்க்க குணமான மாதிரி இருக்கும். ஆனால் பாக்டீரியா போயிருக்காது. அந்த எலி வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு, உதிரும் தோல் துகள்கள் வழியே பக்கத்துக் கூண்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். முடி உள்ள என்எஸ்ஜி மாதிரி எலிகளில் இன்னும் மோசம்: பல நேரம் எந்த அறிகுறியும் தெரியாது. கொஞ்சம் முடி கொட்டலாம், கண் இமை வீங்கலாம், அவ்வளவுதான். நியூட் எலிகளின் அறையில் திடீரென்று செதில் கிளம்பிய பிறகு தேடிப் பார்த்தால், பல வாரமாக அதைச் சுமந்தது அடுத்த அறையில் இருந்த 'ஆரோக்கியமான' எலியாக இருக்கும்.

செதில்தானே, ஆய்வுக்கு என்ன கேடு?

எடை குறைந்த ஓர் எலியைப் பாருங்கள். குறைந்தது மருந்தின் பக்கவிளைவாலா, பாக்டீரியாவாலா? இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. கீமோ மருந்தைச் சாதாரணமாகத் தாங்கக்கூடிய எலி, தொற்று இருக்கும்போது அதே அளவு மருந்தில் சுருண்டுவிடலாம். அப்போது நல்ல மருந்து ஒன்றுக்கு 'நச்சுத்தன்மை அதிகம்' என்று முத்திரை விழும். கட்டி ஒட்டிக்கொள்வதும் வளர்வதும்கூட தொற்றால் மாறலாம். எந்த மருந்து மனிதர்களிடம் சோதனைக்குப் போக வேண்டும் என்ற முடிவுக்கு இந்த எலிகளின் தரவும் ஓர் அடிப்படை என்பதை நினைத்துப் பாருங்கள்.

தொற்று ஒன்று அறிவியல் தரவையே திருடிய பிரபலமான கதை 1992-ல் நடந்தது. அமெரிக்காவின் மேரிலாந்தில், ஃப்ரெடரிக் என்ற ஊரில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வளாகத்தில், வேதிப்பொருள்கள் புற்றுநோயை உண்டாக்குமா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வேதிப்பொருளும் கொடுக்கப்படாத ஒப்பீட்டு எலிகளுக்கே கல்லீரல் அழற்சியும் கட்டிகளும் வர ஆரம்பித்தன. சும்மா இருக்கும் எலிக்குப் புற்றுநோய் ஏன் வர வேண்டும்? திசுவை வெள்ளிச் சாயத்தில் ஊறவைத்துப் பார்த்தபோது, கல்லீரலின் நுண்ணிய பித்தக் குழாய்களுக்குள் சுருள் வடிவ பாக்டீரியா ஒளிந்திருந்தது. அதுவரை அறியப்படாத இனம். ஹெலிகோபாக்டர் ஹெபாடிகஸ் என்று பெயர் வைத்தார்கள். நம் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியின் உறவு.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த எலிகள் எதிர்ப்பு சக்தி உள்ளவைதான். அவற்றுக்கே அப்படி என்றால், ஸ்கிட் எலிகளுக்குக் கேட்கவே வேண்டாம். இந்த பாக்டீரியா அவற்றில் கல்லீரலோடு பெருங்குடலையும் புண்ணாக்கும். மலக்குடல் வெளியே தள்ளிவிடுவதும் உண்டு. அதன் பிறகுதான் உலகம் முழுக்க எலி வளர்ப்பு மையங்கள் தங்கள் பட்டியலில் ஹெலிகோபாக்டர் சோதனையைச் சேர்த்தன. பல ஆய்வகங்கள் தங்களிடமும் அது இருப்பதைப் பார்த்து அதிர்ந்தன.

சரி, மருந்து கொடுத்தால் என்ன?

கொடுக்கிறார்கள். அமாக்சிசிலின் மாதிரி மருந்தைத் தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து தந்தால் போவிஸின் செதில் அடங்கும், எடை ஏறும். மருந்தை நிறுத்திய பிறகு டெஸ்ட் எடுத்தால் பாக்டீரியா அங்கேயே இருக்கும்.

ஏன் அப்படி? ஆன்டிபயாடிக் எப்போதும் தனியாக வேலை செய்வதில்லை. நமக்குத் தொண்டைப் புண் வந்து மாத்திரை போட்டால், மருந்து பாக்டீரியாவின் கூட்டத்தைக் குறைக்கிறது. மிச்சம் மீதியைப் பெருக்கித் தள்ளுவது நம் எதிர்ப்பு சக்தி. இந்த எலியிடம் பெருக்கித் தள்ள ஆள் இல்லை. அதோடு போவிஸ் குடியிருப்பது தோலின் மேலே உள்ள செத்த அடுக்கில். ரத்தத்தோடு போகும் மருந்து அங்கே முழுசாக எட்டுவதில்லை. கூண்டின் சுவரிலும் மரத்தூள் படுக்கையிலும் கிடக்கும் துகள்கள் வேறு, மறுபடி மறுபடி ஒட்டிக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் இருக்கும் நோயாளியைத் தனி அறையில் வைத்து, பார்க்க வருபவரைக்கூட மாஸ்க் போடச் சொல்கிறார்களே, அதற்கும் இதே காரணம்தான்.

மருந்துக்கு இன்னொரு விலையும் உண்டு. குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களும் சாகும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசைல் மாதிரி ஒன்று புகுந்தால், செதிலிலிருந்து பிழைத்த எலி வயிற்றுப்போக்கில் சாகும். குடல் பாக்டீரியா மாறினால் கட்டியின் வளர்ச்சியும் மாறலாம். 2015-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண எலிகளில் இதைக் காட்டினார்கள்: ஒரே இன எலிதான், ஆனால் வெவ்வேறு நிறுவனத்தில் வாங்கியவை; குடல் பாக்டீரியா வேறு என்பதால் தோல் புற்றுநோய்க் கட்டி வளரும் வேகமே வேறாக இருந்தது.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது, கேட்கச் சின்னதுதான். ஓர் எலி ஒரு நாளைக்கு 4, 5 மில்லி தண்ணீர்தான் குடிக்கும். நோயுற்ற எலி இன்னும் குறைவாகக் குடிக்கும். மருந்து கசந்தால் பாட்டிலை மோந்துகூடப் பார்க்காது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ, அதற்குத்தான் மருந்து குறைவாகப் போய்ச் சேரும்.

அதனால் ஆன்டிபயாடிக்கைத் தொடவே கூடாது என்று அர்த்தம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வை முடித்துக்கொள்ள அது அவகாசம் தரும். ஒரே நிபந்தனை: கொடுத்தால் எல்லா எலிகளுக்கும் கொடுக்க வேண்டும், ஒப்பீட்டுக் குழு உள்பட. பாவம் பார்த்து, செதில் உள்ள எலிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அந்த ஆய்வு அன்றோடு முடிந்தது. ஹெலிகோபாக்டர் விஷயத்தில் மருந்துக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து அதை ஒழிக்க முடியும் என்று 1990-களின் நடுவிலேயே காட்டினார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான கூண்டுகள் உள்ள மையத்தில் அதைச் செய்து முடிப்பது வேறு கதை.

தண்ணீரில் இருக்கும் ஆபத்து

எதிர்ப்பு சக்தி இல்லாத எலிக்கு மனித ரத்த மூல செல்களைச் செலுத்த வேண்டுமென்றால், அதற்கு முன் கதிர்வீச்சு கொடுத்து எலியின் சொந்த மஜ்ஜையைக் குறைப்பார்கள். ஏற்கெனவே டி செல், பி செல் இல்லை. இப்போது மிச்சமிருந்த வெள்ளணுக்களும் விழுந்துவிடும். குடலின் உள்சுவரும் கதிர்வீச்சில் புண்ணாகியிருக்கும். இந்த நேரத்தில் சூடோமோனாஸ் என்ற சாதாரண தண்ணீர் பாக்டீரியா போதும். ரத்தத்தில் கலந்து சில நாள்களில் ஆளை முடித்துவிடும். தண்ணீர் பாட்டிலின் மூடியிலும் குழாயின் உள்பக்கத்திலும் வழவழவென்று படிந்திருக்குமே, அதுதான் அதன் வீடு.

இதற்கான தீர்வு ரொம்பப் பழையது, மலிவானது. தண்ணீரில் அமிலம் கலந்து பிஹெச் அளவை 2.5 முதல் 3.0-க்குள் வைப்பது. ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. எலி முகம் சுளிக்காமல் குடித்துப் பழகிவிடும், சூடோமோனாஸ் வளராது. கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் சில வாரம் ஆன்டிபயாடிக் கலந்த தண்ணீர் தருவதும் பல இடங்களில் வழக்கம்.

உள்ளே எப்படி வருகிறது?

தீவனம் கதிர்வீச்சில் சுத்தமாக்கப்பட்டது. கூண்டும் மரத்தூளும் ஆட்டோகிளேவில் வெந்தவை. ஒவ்வொரு கூண்டுக்கும் வடிகட்டிய காற்று தனித்தனியாக. இவ்வளவுக்கும் மீறி போவிஸ் நுழைகிறது என்றால், வழியைத் தேட வேண்டியது சுவரில் இல்லை, நம் கையில்.

கட்டியை அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கருவி, வாரத்துக்கு இரண்டு தடவை, ஐம்பது கூண்டில் உள்ள ஒவ்வொரு எலியின் தோலையும் தொட்டு வருகிறது. எடை பார்க்கும் தட்டு, மயக்க மருந்துப் பெட்டி, பல குழுக்கள் முறை வைத்துப் பயன்படுத்தும் ஸ்கேன் இயந்திரம் எல்லாமே அப்படித்தான். கையுறை போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் ஒரே கையுறையோடு பத்துக் கூண்டைத் திறப்பவர்களும் உண்டு. கையுறை நம் கையைக் காப்பாற்றும், எலியைக் காப்பாற்றாது. தொற்று இருந்த அறைகளைச் சோதித்த நியூயார்க் ஆய்வாளர்கள், கூண்டு மாற்றும்போது காற்றில்கூட இந்த பாக்டீரியா மிதப்பதைக் கண்டார்கள்.

இன்னொரு பெரிய வாசல், கட்டியேதான். நோயாளியிடம் எடுத்த கட்டியை ஓர் எலியில் வளர்த்து, அதிலிருந்து வெட்டி அடுத்த எலிக்கு மாற்றி, ஓர் ஆய்வகத்திலிருந்து இன்னொன்றுக்கு உறைபெட்டியில் அனுப்புகிறார்கள். முதல் எலியின் தோலில் போவிஸ் இருந்தால் வெட்டும்போது அதுவும் பார்சலில் ஏறிக்கொள்ளும். அதனால் வரும் எலிகளைத் தனியே வைத்துச் சோதிப்பது போல, வரும் கட்டியையும் பிசிஆர் சோதனை செய்யாமல் உள்ளே விடக் கூடாது. அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

கண்காணிப்பிலும் ஒரு ஓட்டை இருந்தது. பழைய முறைப்படி, எல்லாக் கூண்டுகளின் அழுக்கு மரத்தூளையும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, சாதாரண எலி ஒன்றின் கூண்டில் போடுவார்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் 'காவல்கார' எலியைச் சோதிப்பார்கள். எதிர்ப்பு சக்தி உள்ள எலிக்கு போவிஸ் சரியாக ஒட்டாது என்பதால், காவல்காரர் நலமாக இருக்க, ஊரெல்லாம் திருடன் உலாவுவான். இப்போது பல மையங்கள் எலியின் தோலை நேரடியாகப் பஞ்சால் துடைத்தோ, கூண்டு வரிசையின் காற்று வெளியேறும் குழாயில் படியும் தூசியை எடுத்தோ பிசிஆர் செய்கின்றன.

வந்துவிட்டால் யார் முடிவெடுப்பது?

மூன்று வழிகள் உண்டு, எதுவும் இனிப்பானது இல்லை. எல்லா எலிகளையும் கருணைக்கொலை செய்து, அறையைக் குளோரின் டை ஆக்சைடு அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் சுத்தம் செய்து, புது எலிகளோடு மறுபடி தொடங்கலாம். பல மாத உழைப்பும் அந்த எலிகளின் உயிரும் வீணாகும். அல்லது, அந்த அறையைத் 'தொற்று உள்ள அறை' என்று அறிவித்து, உள்ளே போனவர் அன்று வேறு அறைக்குள் போகக் கூடாது என்று விதி வைத்து, ஆய்வை அங்கேயே முடிக்கலாம். மூன்றாவது, மருந்து கொடுத்து அடக்கிவைப்பது.

எனக்குப் படுவது, இதில் நேர்மையான கேள்வி 'எலி பிழைக்குமா' என்பது மட்டும் இல்லை. 'இந்த எலியிடமிருந்து வரும் எண்ணை நம்பலாமா' என்பதும்தான். நம்ப முடியாத எண்ணுக்காக ஓர் உயிரை வலியில் வைத்திருப்பதற்கு நியாயம் இல்லை. இந்தியாவில் இப்படியான ஆய்வு எதற்கும் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். எலி எந்த நிலைக்குப் போனால் ஆய்வை நிறுத்த வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் உடல் எடையில் 20% குறைவதை எல்லையாக வைக்கிறார்கள். தொற்று வந்த அன்று அந்தத் தாளை எடுத்துப் படித்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.

வேறெங்கும் கிடைக்காத அரிய மரபணு வகை என்றால் கொல்லவும் முடியாது. அப்போது கருவை எடுத்துக் கழுவி, சுத்தமான வாடகைத் தாய் எலியின் கர்ப்பப்பையில் வைத்துப் பிறக்கச் செய்வார்கள். ஹெலிகோபாக்டருக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. இந்த பாக்டீரியா தாயின் கழிவு வழியாகத்தான் குட்டிக்குப் போகிறது. அதனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குட்டிகளை எடுத்து, தொற்றில்லாத வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். அந்தத் தாயும் அதே நாளில் குட்டி போட்டிருக்க வேண்டும் என்பதால், இரண்டு எலிகளின் பிரசவத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்குக்கூட யாராவது ஒருவர் வந்து கூண்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.